வெயிலுக்கும் பின்னலாம்

மட்டக்களப்பில் ஒரு பெண் பின்னல் ஊசிகளை எடுத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்தால் போதும், வளவுக்குள் வருகிறவர்கள் ஒன்றைத்தான் கேட்பார்கள்: “என்ன புள்ள, இந்த வெக்கைக்குள்ள ஆரும் சுவெற்றர் பின்னுவாங்களா?” அக்கறையோடுதான் கேட்கிறார்கள். பின்னல் என்றால் கம்பளி, கம்பளி என்றால் குளிர். குளிரைப் பார்க்க நாங்கள் நுவரெலியாவுக்குப் போகிறோம். வீதியோரக் கடையில் சுவெற்றர் வாங்கி இரண்டு நாள் போட்டுவிட்டு, திரும்பி வந்ததும் அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுகிறோம். ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளைக்குப் பின்னி அனுப்பினால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. கல்லடியிலோ ஆரையம்பதியிலோ களுவாஞ்சிகுடியிலோ இருந்துகொண்டு தனக்கே ஒரு மேற்சட்டை பின்னிப் போடுவது வீண்வேலை. ஊர் இப்படித்தான் நினைக்கிறது. படித்தவர்களும், கைப்பணிப் பயிற்சி நடத்துகிறவர்களும்கூட இப்படித்தான் நினைக்கிறார்கள்.

இந்த நினைப்பு பிழை. ஆளுக்கொரு இரசனை என்று சொல்லி விட்டுவிடக்கூடிய பிழையும் இல்லை. எங்கள் பெண்களின் கைவேலையைத் தொடர்ந்து பொருந்தாத நூலுக்கும் பொருந்தாத பொருளுக்கும் திருப்பிவிட்டது இதுதான். பின்னத் தெரிந்தவர்கள் இருந்தும், போட்டுக்கொள்ளத்தக்க பின்னல் உடை ஒன்று இந்தக் கரையில் உருவாகாமல் போனதற்கும் இதுவே காரணம்.

பின்னல் உடை வெக்கைக்கு ஆகாது என்று சொல்கிறவர், அதைச் சொல்லும்போது என்ன உடுத்தியிருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் பின்னல் துணிதான். ரீசேர்ட் பின்னல் துணி. சேர்ட்டுக்குள்ளே போடும் பனியனும் உள்ளாடையும் காலில் போடும் மேசும் பின்னல்தான். நம்பிக்கை வராவிட்டால் பழைய பருத்தி ரீசேர்ட் ஒன்றை எடுத்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரண்டு பெருவிரலாலும் குறுக்கே இழுத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் இரண்டு சாய்ந்த இழைகள் அடியில் ஒன்றுசேர்வதும், அந்தச் சேர்க்கையின் மேல் அடுத்த சோடி ஏறுவதுமாக நெடுக்கு வரிசைகள் ஓடும். உட்பக்கத்தைத் திருப்பினால் குறுக்கே சின்னச் சின்ன முண்டுகள். இரண்டு ஊசிகளில் ஒரு வரிசை நேர்க்கண்ணியும் அடுத்த வரிசை மறுகண்ணியுமாகப் போட்டு வந்தால் கையில் கிடைப்பதும் இதே துணிதான், அளவு மட்டும் பெரிது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ பின்னல் பொறியைச் செய்தபோது, மனிதக் கை போட்டுவந்த அந்தக் கண்ணியைத்தான் இரும்பு ஊசிகளுக்குப் பழக்கினார். வெயில் கொளுத்தும் திருப்பூர், நாடு முழுவதற்கும் பனியன் போட்ட ஊராக வளர்ந்தது அந்தக் கண்ணியால்தான். இலங்கை ஏற்றுமதி செய்யும் உடைகளிலும் நெய்த துணி உடைகளைவிடப் பின்னல் துணி உடைகளே அதிகம். எங்கள் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் வெட்டித் தைக்கப்படுவது பெரும்பாலும் பின்னல் துணி.

கண்ணி சூடு என்றால் ரீசேர்ட்டும் சூடாக இருக்க வேண்டும். ரீசேர்ட் சுகம் என்றால் கண்ணியின் மேல் பழி போட முடியாது.

பிறகு ஏன் கையால் பின்னியது எங்களுக்கு வேகிறது? நூலைப் பாருங்கள். கடையில் ‘வூல்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஆட்டின் உரோமம் அல்ல, அக்ரிலிக். பெற்றோலிய இரசாயனத்திலிருந்து இழுத்த செயற்கை இழை அது. குளிர்நாடுகளில் கம்பளிக்கு மலிவான மாற்றாக வேண்டும் என்பதற்காகவே, பொங்கி நின்று காற்றைத் தனக்குள் அடைத்து வைக்கும்படி செய்யப்பட்டது. சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். லினன் 12 சதவீதம். உண்மையான கம்பளி 15 சதவீதத்துக்கும் மேல். அக்ரிலிக் 2 சதவீதத்தைத் தாண்டாது. இந்த இடத்தில், பொலியெஸ்டர் அதைவிடக் குறைவாகத்தானே உறிஞ்சும், காற்பந்து ஜேர்சி மட்டும் எப்படிச் சுகமாக இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜேர்சி மெல்லிய இழையில், துளை துளையாக, காற்று போகும்படி பின்னப்பட்டது. அதுவும் பின்னல்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். உடையை முதலில் சூடாக்குவது தடிப்பு, அடுத்தது துளையில்லாமை, பிறகுதான் இழை. கடையில் கிடைக்கும் தடித்த அக்ரிலிக்கை நெருக்கிப் பின்னும்போது இந்த மூன்றும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

மட்டக்களப்பு வாவிக்கரையின் வெக்கைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை, மேற்கே படுவான்கரைப் பக்கத்திலிருந்து கச்சான் காற்று அடிக்கும் பகல்களில் 35 பாகை செல்சியஸ் அதிசயம் இல்லை. கச்சான் ஓய்ந்த நேரத்தில் காற்றே ஈரமாக நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் உடம்பு தன்னைக் குளிர்விக்க வியர்வை ஒன்றைத்தான் நம்பியிருக்கிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். சொட்டி விழுந்த வியர்வை எதையும் கொண்டு போகாது. ஆவியாக வேண்டுமென்றால் தோலுக்குக் கிட்டக் காற்று ஓட வேண்டும். நெருக்கமாக நெய்த மெல்லிய சேர்ட் வியர்வையில் நனைந்ததும் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் காற்றுக்கு வழி இல்லை. தளர்வாகப் பின்னிய பருத்தித் துணிக்கு மேடும் பள்ளமும் உண்டு. மேடுகள் மட்டும் தோலைத் தொடும். பள்ளங்களிலும் துளைகளிலும் காற்று போய்வரும். நடந்தால் துணி அசையும், அசைந்தால் உள்ளிருக்கும் வெக்கை வெளியே போகும். வேர்த்துக் கொட்டும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறு என்ன இருக்கிறது?

இந்தத் தப்பெண்ணம் செய்த தீங்கைக் கிட்ட நின்று பார்க்க வேண்டுமானால், பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் கைப்பின்னலுக்கு மறுப்பில்லாமல் இடம் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்: பச்சைப்பிள்ளையின் தொப்பி, மேசு, கையுறை. இளமஞ்சள் அக்ரிலிக் நூல், இடைவெளி இல்லாத கண்ணி, காதை மூடிக் கட்ட இரண்டு நாடா. பங்குனி மாதத்து மத்தியானம், தகரக் கூரை, மின்விசிறிக் காற்று பிள்ளைக்குப் படக்கூடாது என்று அதையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்தத் தொப்பியைக் கழற்றிப் பாருங்கள். தலைமயிர் நெற்றியோடு ஒட்டி நனைந்திருக்கும். தொப்பியின் விளிம்பு அழுத்திய இடத்தில், காதுக்குப் பின்னாலிருந்து பிடரிவரை, வேர்க்குரு சிவந்த பட்டியாக ஓடும். பிறந்த நாட்களில் பிள்ளையின் தலையை மூடுவதற்கு மருத்துவ நியாயம் உண்டு. சிசுவின் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, அதன்வழி சூடு வேகமாகப் போகும். மூன்று மாதப் பிள்ளைக்கு, வெக்கையில் வேகும் வீட்டுக்குள், அந்த நியாயம் பொருந்தாது. அம்மம்மா அன்போடு பின்னியதுதான் அது. அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னல் என்றால் சூடு கொடுக்க வேண்டியது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், இருப்பதிலேயே அதிகம் வேகும் நூலை இருப்பதிலேயே சின்ன உடம்புக்குத் தெரிவுசெய்ய வைத்துவிட்டார்கள். அதே தொப்பியை மெல்லிய பருத்தி நூலில், இரண்டு வரிசைக்கு ஒரு தரம் துளை விட்டுப் பின்னியிருந்தால் பிள்ளை நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

சூடான நூலில் பின்னுகிறோம், போட்டால் வேகிறது, பார்த்தாயா, பின்னல் சூடு என்கிறோம். தலைமுறை தலைமுறையாக இந்த வட்டத்துக்குள்ளேயே நிற்கிறோம்.

வட்டத்துக்கு வெளியே எங்கள் கண்முன்னாலேயே ஒரு சான்று நடமாடுகிறது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகிறவர்களின் தலைகளைப் பாருங்கள். பல தலைகளில் இருப்பது வெள்ளைப் பின்னல் தொப்பி. குறோசே ஊசியால் போட்ட தொப்பியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வேலை தெரியும்: உச்சியில் விரல் நகம் அளவு வளையம், அதைச் சுற்றிக் கண்ணிகள் பெருகிப் பெருகி விரியும் சுற்றுகள், உச்சி போதுமான அளவு அகன்றதும் பெருக்குவதை நிறுத்திச் செங்குத்தாக இறங்கும் பக்கச்சுவர், அதில் வரிசையாகத் துளைகள், அடியில் நெருக்கிப் போட்ட விளிம்பு. இன்று பொறியில் செய்து இறக்குமதியாவனவும் நிறைய. அமைப்பு ஒன்றுதான். உச்சிவெயிலில் வீதியைக் கடக்கும் ஒருவர், பின்னல் தொப்பி போட்டதால் தலை வேகிறது என்று முறையிட்டு நான் கேட்டதில்லை. தலைக்குச் சுகமாக இருப்பது தோளுக்கு மட்டும் எப்படி ஆகாமல் போகும்?

பின்னல் குளிர்நாட்டில் பிறந்தது என்ற நம்பிக்கைக்குச் சரித்திரத்திலும் ஆதாரம் இல்லை. இதுவரை கிடைத்த ஊசிப்பின்னல் துண்டுகளில் மிகப் பழையவை எகிப்தில் கிடைத்தவை. 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. இஸ்லாமிய ஆட்சிக் காலத்தவை. நீலமும் வெள்ளையுமாகப் பின்னிய காலுறைகள், அதுவும் பருத்தி நூலில். ஐரோப்பாவில் ஆரம்பகாலச் சான்றாகக் காட்டப்படுபவை, ஸ்பெயினில் புர்கோஸ் நகருக்கு அருகே லாஸ் உவெல்காஸ் மடத்தில், 1275இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ தெ லா செர்தாவின் கல்லறையில் கிடைத்த தலையணை உறைகள். அவை பட்டு, முஸ்லிம் கைவினைஞர்கள் செய்தவை என்று கருதப்படுகின்றன. நைல் நதிக்கரை வெயிலில் பருத்தியோடு காணப்படும் கலை, வடக்கே போன பிறகுதான் ஆட்டு உரோமத்தோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது.

எங்களிடம் அது வடக்கிலிருந்து வந்து சேர்ந்தது. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்தார், பாடசாலைகள் தொடர்ந்தன. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மிஷன் பெண்பாடசாலைகள் எழுத்தோடு ஊசிவேலையையும் கற்பித்தன. கற்பித்தவர்கள் தங்கள் நாட்டுக்கு எழுதிய மாதிரிகளைக் கையோடு கொண்டுவந்தார்கள். அது இயல்பு. வந்த மாதிரியை இந்த மண்ணின் காற்றுக்கும் வெயிலுக்கும் திருத்தி எழுதாமல் விட்டவர்கள் நாங்கள். சமையலில் அப்படி விட்டோமா? போர்த்துக்கேயர் கொண்டுவந்த மிளகாயை எங்கள் குழம்புக்கு ஏற்றபடி பழக்கி எடுத்தோம். ஊசியை மட்டும் இன்னும் வெள்ளைக்காரரின் மார்கழிக்கே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வாவிக்கரைக்காரருக்கு நான் எடுத்துச்சொல்ல விரும்பும் சான்று நோர்வேயிலிருந்து வருகிறது. 1933இல் நோர்வே இராணுவத்தைச் சேர்ந்த ஹென்ரிக் புரூன் என்ற அதிகாரி, பழைய மீன்வலையை எடுத்துப் பனியனாகத் தைத்துப் பார்த்தார். நூலைவிட ஓட்டை அதிகமுள்ள பனியன். அதன்மேல் இன்னோர் உடையைப் போட்டு மூடினால் ஓட்டைகளில் காற்றுத் தங்கி உடம்புச் சூட்டைக் காத்தது. மேல் உடையைத் திறந்துவிட்டால் அதே ஓட்டைகள் வழியே சூடும் வியர்வை ஆவியும் வெளியேறின. 1953இல் எவரெஸ்ட் ஏறிய பிரித்தானியக் குழுவும் இந்த வலைப்பனியனைக் கொண்டு போனது. பிறகு அது ஜமைக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்களைப் போலவே கடற்காற்றும் ஈரவெக்கையும் உள்ள தீவு அது. அங்கே ஆண்கள் அதை மேல் உடை இல்லாமல் தனியாகவே போட்டார்கள், வெயிலுக்குச் சுகம் என்று. சூட்டை வைத்திருப்பதோ வெளியே விடுவதோ பின்னலின் பிறவிக்குணம் அல்ல, நாம் அதை எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் பனியன் மீன்வலையிலிருந்து வந்தது என்பதை எங்கள் ஆட்கள் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். வாவியில் வீச்சுவலை போடுகிறவர், கிழிந்த வலையைத் தென்னைமரத்தடியில் விரித்து வைத்துக்கொண்டு பொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். வலை ஊசியில் சுற்றிய நூல், கண்ணின் அளவு மாறாமல் இருக்க ஒரு சிறு பட்டை, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சு. உடைப் பின்னலில் முடிச்சு இல்லை. கண்ணிக்குள் கண்ணி கோத்துப் போவது அது. வேலைமுறை வேறு. ஆனால் எவ்வளவு நூல், எவ்வளவு வெளி என்று கணக்குப் பார்த்துக் கையால் ஒரு துணியைக் கட்டுகிற அறிவு இரண்டுக்கும் பொது. அந்த அறிவு இந்தக் கரையில் தலைமுறைகளாக இருக்கிறது. ஓட்டை வைத்துப் பின்னுவது எங்களுக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மறுப்பாளர்கள் சொல்வதில் உண்மை உள்ள இடங்களும் உண்டு. துளைவைத்த பின்னல் நேர்வெயிலைத் தடுக்காது. புற ஊதாக் கதிர் துளைவழியே தோலில் இறங்கும். நாள் முழுக்க வெயிலில் நின்றால் பூவேலையின் வடிவம் தோளில் கறுப்பும் வெளுப்புமாகப் பதிந்துவிடும். வயலில் நிற்கிறவருக்கும் தோணியில் நிற்கிறவருக்கும் நெருக்கமாக நெய்த நீளக்கைச் சேர்ட்டுத்தான் சரி. ஆனால் எங்கள் நாளில் எத்தனை மணித்தியாலம் நேர்வெயிலில் கழிகிறது? வீடு, வகுப்பறை, கடை, அலுவலகம், கோயில் மண்டபம், பின்னேரக் கடற்கரை என்று நிழலில் வேர்த்துக்கொண்டிருக்கும் நேரமே அதிகம். அதற்கான உடை இது. போதாததற்கு இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வெளியே வேர்த்து ஒழுகிக்கொண்டு வங்கிக்குள் நுழைந்தால் குளிரூட்டி பிடரியில் அடிக்கிறது. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் விடியும்வரை நடுங்குகிறோம். மாரியில் வாடை அடிக்கும் விடியற்காலையிலும் தோளுக்கு ஏதாவது தேவைப்படுகிறது. நூறு கிராம் பருத்தியில் பின்னிய சால்வை கைப்பைக்குள் ஒரு மூலையில் அடங்கும். இந்த எல்லா இடத்துக்கும் அது போதும்.

பெண்பிள்ளைகள் இதைப் போட்டுக்கொண்டு வெளியே போக முடியுமா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கவலை, எங்கள் ஊரில் உடுப்பு என்பது ஊரின் பார்வைக்கும் உட்பட்டது. ஆனால் துளைவைத்த பின்னல் என்றால் கட்டாயம் உடம்பு தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு, மூன்று மில்லிமீற்றர்த் துளை காற்றுக்குப் போதும். கண்ணுக்கு எதுவும் காட்டாது. முன்பக்கத்தை நெருக்கமாகவும் கையையும் தோள்பட்டையையும் துளையோடும் பின்னலாம். மெல்லிய பருத்தி உட்சட்டை ஒன்றின் மேல் போடலாம். அப்போதும் பொலியெஸ்டர்ச் சட்டையைவிடச் சுகமாக இருக்கும். கடைச்சட்டை எவ்வளவு மறைக்க வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை எங்கோ இருக்கும் ஒருவர் தீர்மானித்து அனுப்புகிறார். கையால் பின்னுகிறவள் கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும், கை எவ்வளவு நீள வேண்டும் என்று தன் உடம்புக்கும் தன் மனச்சாட்சிக்கும் ஏற்பத் தானே தீர்மானிக்கிறாள். அடக்கத்துக்கு இதைவிட வாய்ப்பான உடை எது?

பருத்திப் பின்னல் தொங்கிப்போகும் என்று பின்னத் தெரிந்தவர்களே சொல்கிறார்கள். சரிதான், கம்பளிக்கு உள்ள நெகிழ்ச்சி பருத்திக்குக் கிடையாது. நனைந்தால் பாரமாகி இழுபடும். வழி இருக்கிறது. தோளிலும் பக்கங்களிலும் தையல் விழும்படி துண்டுகளாகப் பின்னி இணைத்தால் அந்தத் தையல் பாரத்தைத் தாங்கும். விளிம்புக்கு ஊசியில் ஒரு அளவு குறைக்க வேண்டும். நீளத்தை இரண்டு விரல் குறைத்தே பின்ன வேண்டும். போடப் போட அது இறங்கிச் சரியாகும். கழுவினால் கொடியில் தொங்கவிடக் கூடாது. தண்ணீரைத் துவாயில் ஒற்றி எடுத்துவிட்டு, நிழலில் பன்பாயை விரித்து அதன்மேல் தட்டையாகப் போட வேண்டும். பாயின் அடியாலும் காற்றுப் போவதால் சுருக்கக் காய்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் பலமான எதிர்வாதம் காசும் நேரமும். ரீசேர்ட் ஒன்றை மலிவாக வாங்கலாமே, கையால் பின்னி யாருக்கு லாபம் என்கிறார்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். ஐம்பது சென்ரிமீற்றர் அகலம், ஐம்பத்தைந்து சென்ரிமீற்றர் நீளம், முன்னும் பின்னும் இரண்டு துண்டுகள் கொண்ட கையில்லாத மேற்சட்டை. வழமையான நெருக்கமான பின்னலில், பத்துச் சென்ரிமீற்றருக்கு 24 கண்ணியும் 32 வரிசையும் என்றால், மொத்தம் 42,000 கண்ணிகளுக்கு மேல் வரும். நிமிடத்துக்கு 30 கண்ணி போடும் கைக்கு 23 மணித்தியாலத்துக்கு மேல் வேலை. அதே அளவு மேற்சட்டையைப் பெரிய ஊசியில் தளர்வாக, பத்துச் சென்ரிமீற்றருக்கு 16 கண்ணியும் 20 வரிசையுமாகப் பின்னினால் மொத்தம் 17,600 கண்ணிகள்தான். துளை வேலைக்காக வேகத்தை நிமிடத்துக்கு 25 ஆகக் குறைத்தாலும் 12 மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். நூலும் மிச்சம். வெக்கைக்கு ஏற்ற பின்னல்தான் நேரத்திலும் நூலிலும் சிக்கனமான பின்னல். குளிருக்கு உரிய முறையை வெயிலூரில் பின்பற்றியதால் எங்கள் பெண்கள் சூட்டை மட்டும் அல்ல, இரட்டிப்பு உழைப்பையும் சுமந்திருக்கிறார்கள்.

விற்பனை என்று வரும்போது நரசாபுரத்தைப் பார்க்க வேண்டும். ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்தில், எங்களைப் போலவே நீரும் வெக்கையும் ஈரக்காற்றும் சூழ்ந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமார் கற்பித்த குறோசே அங்கே பருத்தி நூலோடு வேரூன்றியது. அந்த லேஸ் பரம்பரையாகப் பெண்களின் தொழிலானது. 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. வெப்பநாட்டுக் கழிமுகத்தில் கைப்பின்னல் தழைக்காது என்ற பேச்சுக்கு நரசாபுரம் ஒன்றே பதில். ஆனால் அங்கிருந்து கற்க வேண்டிய கசப்பான பாடமும் இருக்கிறது. நரசாபுரத்து லேஸ்காரப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய புத்தகம் 1982இல் வெளிவந்தது. உலகச் சந்தைக்குப் பொருள் செய்த அந்தப் பெண்கள் தொழிலாளர்களாகக் கணக்கிடப்படவில்லை என்பதையும், வீட்டுப் பெண்கள் ஓய்வுநேரத்தில் செய்யும் வேலை என்று சொல்லியே கூலி அடிமட்டத்தில் வைக்கப்பட்டது என்பதையும் அவர் விரிவாகக் காட்டினார். பொழுதுபோக்கு என்ற அந்தப் பேச்சு எங்கள் ஊரிலும் இருக்கிறது. பின்னுகிற பெண்ணைப் பார்த்து வேலை இல்லாதவள் என்கிற வாய், பின்னியதை விலைக்குக் கேட்கும்போது நூலின் விலையை மட்டும் கொடுக்கப் பார்க்கிறது. பன்னிரண்டு மணித்தியாலம் என்றால் பன்னிரண்டு மணித்தியாலக் கூலி. சங்கங்கள் விலை வைக்கும்போது மணித்தியாலத்தை எழுதிவைத்தே விலை வைக்க வேண்டும்.

நல்ல பருத்திப் பின்னல் நூல் இங்கே கிடைக்காதே என்பது கடைசித் தடை. வெளிநாட்டுப் பருத்தி நூல்பந்துகள் விலை அதிகம், உண்மை. ஆனால் கல்முனைக்கு வடக்கே மருதமுனை இருக்கிறது. சாரமும் சேலையும் நெய்து பேரெடுத்த கைத்தறி ஊர். அங்கே பருத்தியில் நெய்கிறவர்களிடம் இருக்கும் நூலையே பின்னலுக்கு எடுக்கலாம். இரண்டு புரி சேர்த்த 40ஆம் நம்பர் நூல், 2/40 என்பார்கள், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 34 மீற்றர் ஓடும். தனி இழை பின்னலுக்கு மிக மெல்லிது. நான்கு இழையைச் சேர்த்தால் நூறு கிராமுக்கு 850 மீற்றர்; சால்வைக்கு ஏற்ற நூல். எட்டு இழை சேர்த்தால் நூறு கிராமுக்கு 425 மீற்றர். மேற்சட்டைக்கு இதுவே அளவு. தறிச்சாயம் ஏறிய நூல் என்பதால் நிறத்துக்கும் குறைவில்லை. நான்கு இழை நீலமும் நான்கு இழை வெள்ளையும் சேர்த்துச் சுற்றினால் எந்தக் கடையிலும் கிடைக்காத நிறம் வரும். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும்போது கோன்களில் மிஞ்சும் நூலிலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

கைப்பணிப் பயிற்சிக்கு என்று அரசும் தொண்டு நிறுவனங்களும் ஒதுக்கும் பணம், ஒவ்வொரு முறையும் அக்ரிலிக் நூலாகவும் குழந்தைத் தொப்பியாகவும் மாறிக் கண்காட்சி மேசையில் முடிகிறது. அடுத்த பயிற்சிக்கு நூல் வாங்கும் பட்டியலை எழுதுகிறவர் அதில் ஒரு வரியை மாற்றினால் போதும். அக்ரிலிக் என்பதை அடித்துவிட்டு மருதமுனைத் தறிநூல் என்று எழுதட்டும்; ஊசி 5 மில்லிமீற்றர்; முதற்பாடமாகக் குழந்தைத் தொப்பிக்குப் பதில், படிக்கிறவள் தானே போட்டுக்கொண்டு கச்சானில் பஸ்ஸுக்கு நிற்கத்தக்க கையில்லாத மேற்சட்டை.